கதவில் தொங்கும் மரச்சிறகு

வாத்து சீசன் திறக்கிற சனிக்கிழமையில் எங்கள் சதுப்புப் பக்கம் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. வைத்தால் பாதிரியாரே வரமாட்டார். என் மகள் ரெனெல்லா வைத்தாள். மாப்பிள்ளை ராண்டலின் வீட்டாருக்கு அந்தத் தேதிதான் தோதுப்பட்டதாம். விருந்தில் எங்கள் பக்கத்து ஆண்கள் ஒருவர்கூட இல்லை. நானும் உடம்பால் மட்டும்தான் அங்கே இருந்தேன். இந்த ராண்டலால் எனக்கு ஒருநாள் வாத்து சீசனில்தான் வினை வரும் என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

ராண்டல் லூசியானாவின் வடகோடிக்காரன். பைன் காடு, மான் சுடுகிற கூட்டம். நல்ல பையன்தான். குடி இல்லை, கத்தல் இல்லை, ரெனெல்லாவைத் தாங்குகிறான். ஆனால் கல்யாணமான புதிதில் என் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துகொண்டு, "தட்டைவாயனும் பச்சைத்தலையும் ஒரே வாத்துதானே அத்தை, வாய் மட்டும்தானே வேற?" என்று கேட்டான். என் வீட்டுக்காரர் கர்லி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அவர் துப்பாக்கியே தொடாதவர், அவருக்கே பொறுக்கவில்லை.

அப்பேர்ப்பட்டவன் பரீட்சை எழுதி வேட்டை அதிகாரியாகிவிட்டான். அதுவும் எங்கள் மாவட்டத்துக்கே போட்டார்கள். பச்சைச் சட்டை, அரசாங்கப் படகு, கேஸ் எழுதுகிற புத்தகம். சிறகுப் படங்களைச் சமையலறைச் சுவர் முழுக்க ஒட்டி வைத்துப் படித்தான் என்று ரெனெல்லா பெருமையாகச் சொன்னாள். நான் சிரித்தேன். படத்தைப் பார்த்து வாத்து தெரிந்துகொள்கிறவனை நான் அதுவரை பார்த்ததில்லை.

எனக்குச் சட்டம் அத்துப்படி. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆறு வாத்து. ஆறில் பச்சைத்தலை நான்கைத் தாண்டக் கூடாது, அதிலும் பெட்டை இரண்டைத் தாண்டக் கூடாது. சூரியன் உதிக்க அரைமணி இருக்கும்போதுதான் முதல் தோட்டா. துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் இடமிருக்கக் கூடாது, ஈயக் குண்டு ஆகாது. அரசாங்கம் விற்கிற, வாத்துப் படம் போட்ட ஸ்டாம்பை வாங்கி அதன் முகத்தில் குறுக்கே மையால் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். கையெழுத்து இல்லாத ஸ்டாம்பு வெறும் படம், அதை வைத்துக்கொண்டு சுட்டால் கேஸ்தான். வீடு போய்ச் சேரும்வரை ஒவ்வொரு வாத்திலும் ஒரு சிறகாவது இறகோடு இருக்க வேண்டும். அப்புறம் கோடைவாத்து. சீசனின் முதல் பதினைந்து நாள் அதைத் தொடவே கூடாது. மற்றதெல்லாம் குளிருக்குப் பயந்து வடக்கிலிருந்து வந்து போகிற விருந்தாளிகள். கோடைவாத்து மட்டும் வருஷம் முழுக்க எங்களோடு கிடந்து, கொசுக்கடி பட்டு, புயலுக்குத் தப்பி, இங்கேயே குஞ்சு பொரிக்கிறது. ஊர்க்காரி என்பதால் அதற்கு இந்தச் சலுகை.

தொல்லை என்னவென்றால் கோடைவாத்தும் பச்சைத்தலையின் பெட்டையும் பார்ப்பதற்கு அக்கா தங்கைதான். இரண்டும் பழுப்பு, இரண்டும் ஒரே பருமன், இரண்டுக்கும் சிறகில் நீலப்பட்டை. பச்சைத்தலைப் பெட்டைக்கு அந்த நீலத்தின் இரண்டு பக்கமும் வெள்ளைக்கோடு ஓடும். கோடைவாத்துக்கு ஓடாது. நல்ல கண் அதைப் பறக்கும்போதே பார்த்துவிடும். என் கண் நாற்பத்தைந்து வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

எட்டுக் குடும்பங்கள் சேர்ந்து சதுப்பைக் குத்தகைக்கு எடுத்து வேட்டை கேம்ப் நடத்துகிறோம். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. சைப்ரஸ் மரத்தில் செதுக்கிய முழ நீளச் சிறகு ஒன்று இருக்கிறது. பச்சைத்தலைச் சிறகு மாதிரியே நீலப்பட்டையும் வெள்ளைக்கோடுகளும் போட்டு பெயிண்ட் அடித்தது. கேம்ப்பில் யார் மேல் கேஸ் விழுகிறதோ அவர் வீட்டு முன்கதவில் அந்தச் சிறகை ஆணியடித்து மாட்டுவோம். அடுத்தவர் மேல் கேஸ் விழும்வரை அது அங்கேயேதான் தொங்கும். தபால்காரி பார்ப்பாள், பாதிரியார் பார்ப்பார், சம்பந்தி வீட்டார் பார்ப்பார்கள். முப்பத்தொரு வருஷத்தில் அது என் வீட்டைத் தவிர எல்லா வீட்டுக்கும் போய் வந்துவிட்டது. ஒவ்வொரு வீட்டிலும் சுத்தியல் பிடித்தது நான்தான். ரசித்து அடித்திருக்கிறேன்.

கடைசி இரண்டு வருஷமாக அது டியூரல் வீட்டில் தொங்கியது. டியூரல் என் சித்தப்பா மகன், என்னைவிட ஒரு வயது இளையவன், எப்போதும் என்னோடு ஒரே மறைப்பில் உட்காருகிறவன். மறைப்பு என்றால் தண்ணீர் நடுவே நாணல் கட்டி மறைத்த பலகை மேடை. வாத்து நம்மைப் பார்க்காது, நாம் வாத்தைப் பார்ப்போம். துப்பாக்கிச் சத்தம் கேட்டுக் கேட்டே டியூரலுக்குக் காது போய்விட்டது. "ஆறு ஆச்சு, நிறுத்துடா!" என்று பக்கத்தில் நின்று நான் கத்தியும் கேட்காமல் ஏழாவதைச் சுட்டான். கேஸ் விழுந்தது. அவன் கதவில் ஆணி அடிக்கும்போது நான் பாடிக்கொண்டே அடித்தேன். அதை அவன் மறக்கவில்லை.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் ஈஸ்டரிலிருந்தே என் வலது கண் சரியில்லை. நான் குறி பார்க்கிற கண் அது. தேவாலயத்தில் பாட்டு நம்பர் மங்கியது, அப்புறம் நெடுஞ்சாலைப் பலகை மங்கியது. கண்புரை என்று தெரிந்துதான் இருந்தது. டாக்டரிடம் போகவில்லை. கண்ணுக்குள் கத்தி விடுவார்களே என்ற பயம். முதலையைப் பிடித்துப் படகில் ஏற்றியவள் நான், இருந்தாலும் பயம் பயம்தான்.

அதைவிடப் பெரிய பயம் ரெனெல்லா. ஒருமுறை நான் உப்புக்குப் பதில் சர்க்கரையைப் போட்டதைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தபடி நின்றாள். "அம்மா, உனக்குக் கண்ணு தெரியலன்னு மட்டும் எனக்குத் தெரிஞ்சுது, துப்பாக்கிய பூட்டி சாவிய ராண்டல்கிட்ட குடுத்துடுவேன். வெளையாட்டு இல்ல." சொன்னால் செய்கிறவள், என் பெண்தானே. அந்த மறைப்பில் என் இடம் போய்விட்டால் எனக்கு மிச்சம் டிவியும் கர்லியும். இரண்டையும் நான் எப்போதோ பார்த்து முடித்தாகிவிட்டது. அதனால் வாயை மூடிக்கொண்டு சீசனுக்குக் காத்திருந்தேன்.

திறந்த நாளன்று நாங்கள் இருட்டிலேயே போய்ப் பொம்மை வாத்துகளை மிதக்கவிட்டு மறைப்பில் ஏறிவிட்டோம். நான், டியூரல், என் நாய் பிரலீன். நேரம் வந்ததும் டியூரல் சாம்பல் வாத்து இரண்டை இறக்கினான். நான் பச்சைத்தலை ஆண் ஒன்றை இறக்கினேன். ஆண் எனக்குப் பிரச்சினையில்லை. அந்தத் தலைக்கும் கழுத்து வளையத்துக்கும் அரைக்கண் போதும். பிரலீன் தண்ணீரில் பாய்ந்து பாய்ந்து எடுத்து வந்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. யாருக்கு வேண்டும் டாக்டர் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது மேற்கிலிருந்து மூன்று வந்தன. முன்னால் இரண்டு ஆண், பின்னால் பழுப்பாக ஒன்று. எனக்கு வானமே பால் ஊற்றிய காபி மாதிரி இருந்தது. ஆணோடு வருவது அதன் பெட்டைதானே என்று மனசு சொன்னது. கண் ஒன்றும் சொல்லவில்லை. மனசு சொன்னதைக் கேட்டுப் பின்னால் வந்ததைச் சுட்டேன்.

பிரலீன் கொண்டுவந்ததை டியூரல் வாங்கினான். சிறகை விரித்துப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

"அக்கா..."

"என்னடா?"

"ஒண்ணுமில்ல. நல்ல கொழுப்பு." அதை என் பக்கத்து ஆணியில் மாட்டினான்.

ஒரு மணி நேரம் கழித்து அரசாங்கப் படகு வந்தது. ராண்டல் எஞ்சினை அணைத்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றான்.

"காலை வணக்கம், மேடம். வணக்கம், சார். துப்பாக்கியக் காலி பண்ணி ஓரமா வைங்க. லைசென்ஸ், ஸ்டாம்பு காட்டுங்க."

"மேடமா? நேத்து என் வீட்டுல ரெண்டு தட்டு சாப்ட்டுட்டுப் போனியே, அப்ப அத்தை. இப்ப மேடமா?"

"டியூட்டில இருக்கேன், மேடம்."

"டேய் டியூரல், பாத்தியா? நம்மள யாருன்னே தெரியலையாம்!"

டியூரலுக்குக் கேட்கவில்லை. ஆனாலும் சிரித்து வைத்தான். ராண்டல் சிரிக்கவில்லை. என் ஸ்டாம்பைத் திருப்பிப் பார்த்தான். "கையெழுத்து இருக்கு. சரி."

"இல்லாம இருக்குமா? வருஷா வருஷம் அந்த வாத்து மூக்கு மேலயே போடறேன். நீ பொறக்கறதுக்கு முன்னாலேர்ந்து போடறேன்."

துப்பாக்கிகளைச் சோதித்தான். யாருடைய வாத்து எது என்று கேட்டுத் தனித்தனியாக எண்ணினான். ஒவ்வொன்றாகச் சிறகை விரித்துக்கொண்டு வந்தவன், என் பழுப்பு வாத்தில் நின்றுவிட்டான். ஒருமுறை விரித்தான். மடக்கினான். மறுபடி விரித்தான்.

"இது என்ன, மேடம்?"

"பச்சைத்தலைப் பெட்டை. மான் இல்ல, பயப்படாத."

"சிறகுல வெள்ளைக்கோடு எத்தனை இருக்கு?"

கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் சிறகைப் பிடித்துக் காட்டினான். நீலம் தெரிந்தது. நீலத்தைச் சுற்றி வெறும் மூட்டம். பெட்டை என்றால் இரண்டு கோடு இருந்தே தீர வேண்டும் என்று கணக்குப் போட்டு, "ரெண்டு" என்றேன்.

இன்னும் கிட்டே கொண்டுவந்தான். "நல்லா பாத்துச் சொல்லுங்க."

"ரெண்டுன்னா ரெண்டுதான்! எண்ணத் தெரியாதவனையெல்லாம் எப்படித்தான் வேலைக்கு எடுக்கறாங்களோ!"

ஒன்றும் காதில் விழாத டியூரல் அந்த ஒரு பேச்சைக் கேட்டுவிட்டான் போலிருக்கிறது. முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அத்தை," என்றான் ராண்டல், மெதுவாக. மேடம் எங்கேயோ போய்விட்டது. "ஒண்ணுகூட இல்ல."

வாத்தை என் கையில் கொடுத்தான். இடது கண்ணுக்கு நேரே, மூக்கு உரச வைத்துப் பார்த்தேன். இல்லைதான். முகமெல்லாம் பற்றி எரிந்தது. அவமானம் ஒருபக்கம் இருக்கட்டும், அந்த வாத்தைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை. முந்தின வருஷப் புயலில் பாதி ஊரே ஓடிப்போனபோது ஓடாமல் இங்கேயே கிடந்த ஜீவன். அதைப் போய்ச் சுட்டுவிட்டேன்.

"வேணும்னா என் கூட்டாளிய வரச்சொல்லி எழுதச் சொல்றேன்," என்றான். "சொந்தக்காரங்க கேஸ்..."

"வெளியாள் எதுக்கு? நீயே எழுது. என் பேரைத் தப்பில்லாம எழுது, ஓசீத்னு. போன தடவை கிறிஸ்துமஸ் கார்டுல தப்பா எழுதியிருந்தே."

எழுதினான். சின்னச் சின்னதாக, அழகான கையெழுத்து. அவன் பேனாவை வாங்கி அவன் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். போட்ட கோபத்தில் பேனாவை என் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவன் புத்தகத்திலிருந்து தாளைக் கிழித்துக்கொண்டிருந்தான், பார்க்கவில்லை.

"எத்தனை நாளா கண்ணு தெரியல?"

"யாரு சொன்னா? நீ பாக்கச் சகிக்கலங்கறது நல்லாவே தெரியுது."

"அத்தை, டிசம்பர்ல ரெண்டாவது சீசன் திறக்குது. அதுக்குள்ள நீங்களா டாக்டர்கிட்ட போனீங்கன்னா துப்பாக்கிக்கு நான் பொறுப்பு, ரெனெல்லாகிட்ட நான் பேசிக்கறேன். போக மாட்டேன்னீங்கன்னா இன்னிக்கு சாயங்காலமே அவகிட்ட சொல்லிடுவேன். பக்கத்துல இருக்கறவர் தலைய வாத்துன்னு நீங்க சுடறதுக்கு முன்னால."

"மிரட்டறியா?"

"ஆமா."

"டியூட்டில இருக்கற அதிகாரி மிரட்டலாமா?"

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "இப்ப அஞ்சு நிமிஷம் காபி குடிக்கப் போயிருக்கேன்."

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். "சரி, போறேன். ஒரு கண்டிஷன். ரெண்டாவது சீசன் முதல் நாள் நீ லீவு போட்டுட்டு இதே பலகைல வந்து உக்காரணும். துப்பாக்கியோட, லைசென்ஸோட. சுவத்துல ஒட்டின வாத்தையே பாத்துக்கிட்டிருந்தா போதுமா? பறக்கறதையும் பாரு."

"சரி," என்றான். அவன் படகு திரும்பிப் போனதும் டியூரல் வாயைத் திறந்தான். "நான் அப்பவே சொல்லலாம்னுதான் நெனச்சேன்க்கா. சுட்டது சுட்டாச்சு, சொல்லி என்ன ஆகப்போகுது? அப்புறம் என் வீட்டுக் கதவை நெனச்சேன்."

அன்று சாயங்காலம் கர்லி அடுப்பில் கம்போக் குழம்புக்கு மாவு வறுத்துக்கொண்டிருந்தார். மாவு சிவந்து முடிவதற்குள் டியூரல் வந்துவிட்டான். சுத்தியலோடு, சிறகோடு, பெண்டாட்டியோடு, கேம்ப்பில் பாதிப் பேரோடு. ஒரு ஆணி போதும். நான்கு அடித்தான்.

"எதுக்குடா நாலு?"

"காத்தடிச்சா விழுந்துடக் கூடாதுல்ல," என்று சொல்லிவிட்டுப் பாடவும் ஆரம்பித்தான். நான் அவன் வீட்டில் பாடிய அதே பாட்டு.

எங்கள் வீட்டு முன்கதவு பகலில் திறந்தேதான் கிடக்கும். திறந்திருந்தால் அதன் வெளிப்பக்கம் சமையலறையைப் பார்த்துத் திரும்பி நிற்கும். நான் பாத்திரம் துலக்குகிற இடத்திலிருந்து பார்த்தால் கதவில் ஒரு நீலத் திட்டு மட்டும் தெரிந்தது. முதுகைத் திருப்பிக்கொண்டு பாத்திரம் துலக்கினேன்.

மறுவாரமே ஆபரேஷன். பதினைந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது, இதற்கா இவ்வளவு நாள் பயந்தோம் என்று எனக்கே வெட்கமாகப் போயிற்று. நான் அழவில்லை. நான் பிடித்த பிடியில் தன் மோதிரமே வளைந்துவிட்டது என்று நர்ஸ் சொன்னாள். வெளியே உட்கார்ந்திருந்த கர்லி அழுதாராம். மறுநாள் கட்டைப் பிரித்ததும் முதலில் அவரைத்தான் பார்த்தேன். இந்த மனிதர் எப்போது இவ்வளவு கிழவரானார் என்று திக்கென்றது.

"ஏன் அப்படிப் பாக்கறே?" என்றார்.

"ஒண்ணுமில்ல. ஷேவ் பண்ணுங்க."

ஒரு வாரம் வீட்டையே துடைத்துத் தள்ளினேன். அவ்வளவு அழுக்கோடா இத்தனை நாள் குடும்பம் நடத்தியிருக்கிறேன்! எல்லாவற்றையும் பார்த்தேன், கதவில் தொங்குகிற சிறகை மட்டும் பார்க்கவில்லை. வெளியே போவதும் வருவதும் பின்கதவு வழியாகத்தான். ரோஷம் என்றால் எனக்கு அப்படித்தான்.

நான்கு வாரம் துப்பாக்கி தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரெனெல்லா காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வந்தாள். ராண்டல் அவளிடம் என்ன பேசினானோ தெரியாது, சாவி விஷயத்தை அவள் எடுக்கவே இல்லை. நான்கு வாரம் முடிந்த மூன்றாம் நாள் இரண்டாவது சீசன் திறந்தது.

அன்று நல்ல வாடைக்காற்று. மறைப்பில் மூன்று பேர். ஒரு ஓரம் டியூரல், நடுவில் நான், மறு ஓரம் ராண்டல். புதுக் கோட்டு, புது பூட்ஸ், காலரில் கடைச் சீட்டுகூடக் கிழிக்காமல் தொங்கியது. பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் வந்தவன் மாதிரி முழங்கால் இரண்டையும் சேர்த்துவைத்து உட்கார்ந்திருந்தான். பிரலீன் அவன் பூட்ஸை முகர்ந்துவிட்டுத் தும்மினாள்.

"ஊர்ல எல்லார் பையையும் பிரிக்கறவன் இன்னிக்குத் தன் பைல என்னத்தைப் போட்டுக்கிட்டுப் போறான்னு பாக்கத்தானே போறேன்," என்றேன்.

"சுலபமா சிக்கற நாமக்கோழியாவது கெடைக்கும், அத்தை."

"அதுக்கும் குறி பாக்கணும்டா."

கிழக்கே வெளுக்க ஆரம்பித்தது. அவன் தன் காகிதங்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டியிருந்தான். எல்லோரையும் அப்படித்தான் வைத்துக்கொள்ளச் சொல்லுவான். உறையில் ஸ்டாம்பு வெளிப்பக்கமாக இருந்தது. ஒரு ஜோடி வாத்துப் படம். அந்த அரைவெளிச்சத்தில் எனக்கு அந்த வாத்தின் அலகு தெரிந்தது. அலகில் இருந்த மூக்கு ஓட்டை தெரிந்தது. எனக்குப் பூரிப்பாக இருந்தது. அப்புறம்தான் உறைத்தது, அலகின் மேல் குறுக்கே ஓட வேண்டிய கையெழுத்து இல்லை.

இன்னொரு தடவை பார்த்தேன். இல்லை. ஊர் முழுக்கப் போய் ஸ்டாம்பைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவன் தன் ஸ்டாம்பைப் பார்க்கவில்லை.

மணி பார்த்தேன். சுடுகிற நேரம் தொடங்க ஐந்து நிமிஷம். ஐந்தே ஐந்து நிமிஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். அவன் முதல் தோட்டாவைச் சுடுவான். சுட்டதும், "மேடம் கேக்கறேன், ஸ்டாம்பைக் காட்டுங்க சார்" என்பேன். அவன் கூட்டாளி வந்து கேஸ் எழுத வேண்டியதுதான். சிறகு என் கதவிலிருந்து இறங்கிவிடும். இறங்கி வேட்டை அதிகாரியின் வீட்டுக் கதவில் ஏறும். நான் ஆறு ஆணி அடிப்பேன். ஊர் பத்து வருஷத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். நினைக்கவே அவ்வளவு இனிப்பாக இருந்தது.

ஒரு நிமிஷம் அந்த இனிப்பை அனுபவித்தேன். பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே அனுபவித்தேன். அவன் என்னவென்றால், நாணல் இடுக்கு வழியாக வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், வாய் லேசாகத் திறந்திருந்தது. எங்கோ தூரத்தில் ஊசிவால் வாத்து விசிலடித்தது. "அத்தை, அது ஊசிவால்தானே?" என்று கிசுகிசுத்தான். சரியாகச் சொல்லிவிட்டான். படத்திலிருந்து சத்தம் வராது, எங்கே போய்க் கற்றுக்கொண்டானோ. அன்றைக்கு அதே பலகை ஓரத்தில் நின்று, வாத்தை என் கையில் கொடுத்து, "அத்தை, ஒண்ணுகூட இல்ல" என்று சொன்னானே, அந்தக் குரல் எனக்கு ஞாபகம் வந்தது. டியூரல் மாதிரி அவனும் கதவை நினைத்திருந்தால் நான் இன்னும் அரைக்குருடியாகத்தான் அங்கே உட்கார்ந்திருப்பேன்.

"மாப்ளே," என்றேன்.

"வருதா?"

"ஸ்டாம்பு."

"இருக்கு அத்தை." உறையைத் தட்டிக் காட்டினான்.

"இருக்கு. குனிஞ்சு பாரு."

குனிந்து பார்த்தான். அவன் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியது அந்த வெளிச்சத்திலும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. கை பைபையாகத் துழாவியது. மேல் பை, கீழ்ப் பை, பேன்ட் பை. எல்லாம் புது உடுப்பு, உள்ளே ஒன்றுமில்லை.

"பேனா," என்றான். "பேனா இல்ல. என்னோட நல்ல பேனாவே நவம்பர்லேர்ந்து காணோம்..."

என் கோட்டுப் பையில் கைவிட்டு அதை எடுத்து அவன் மடியில் போட்டேன்.

"மூணு நிமிஷம் இருக்கு. மூக்கு மேலயே போடு."

குளிரில் மை வரவில்லை. அவன் ஊதினான். வரவில்லை. கிறுக்கினான். வரவில்லை. நான் பிடுங்கி என் கக்கத்தில் வைத்துச் சூடாக்கிக் கொடுத்தேன். அதற்குள் இன்னொரு நிமிஷம் போயிற்று. கடைசியில் மை இறங்கியது. அந்தச் சின்ன அழகான கையெழுத்து வாத்தின் மூக்கு மேல் ஓடியது. பேனாவை வாங்கி மறுபடி என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

டியூரல் எட்டிப் பார்த்தான். "என்னத்த எழுதறான்? இன்னும் யாரும் சுடவே இல்லையே, அதுக்குள்ள கேஸா?"

"பெண்டாட்டிக்கு லெட்டர் எழுதறான்," என்று அவன் காதில் கத்தினேன். டியூரல் தலையில் அடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினான்.

சுடுகிற நேரம் வந்தது. முதலில் வந்தது ஒற்றையாக, பழுப்பாக, நாணலை உரசிக்கொண்டு வந்தது. ராண்டல் துப்பாக்கியைத் தூக்கினான். தூக்கியவன் சுடாமல் என்னைக் கேட்டான்.

"எத்தனை கோடு, அத்தை?"

சிறகு ஏறி இறங்கியது. நீலம் பளிச்சென்று தெரிந்தது. நீலத்தின் ஓரம் வெறும் கறுப்பு.

"ஒண்ணுகூட இல்ல," என்றேன். "கோடைவாத்து."

"இப்ப ஒண்ணு சுடலாமே. பதினஞ்சு நாள் எப்பவோ முடிஞ்சுது."

"சட்டம் விடும். நான் விடமாட்டேன். போகட்டும், ஊர்க்காரி."

துப்பாக்கியை இறக்கினான். அது எங்கள் தலைக்கு மேலேயே போயிற்று, ஒவ்வொரு இறகாகப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. ஆபரேஷன் பண்ணிய கண்ணில் குளிர்காற்று பட்டால் வருமென்று டாக்டரே சொல்லியிருந்தார்.

அன்று ராண்டல் பதினோரு தோட்டா சுட்டு ஒரு தட்டைவாயனைக் கொண்டுவந்தான். கர்லி அதையும் மதித்துக் கம்போவில் போட்டார். சாப்பாட்டுக்கு வந்தவன் முன்கதவருகே நின்றுவிட்டான். நான் சமையலறையில் இருந்தேன்.

"இது என் வீட்டுக் கதவுல இருக்க வேண்டியது, அத்தை."

"மெதுவாப் பேசு, டியூரல் வந்துக்கிட்டிருக்கான். உள்ளே வந்து உக்காரு."

"பேனாவையாவது திருப்பிக் குடுங்க."

"தரமாட்டேன். அடுத்த வருஷமும் மறந்துட்டு வருவே."

அவன் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தான். கதவு திறந்தபடி கிடந்தது. ஆணி அடித்த நாளுக்கப்புறம் அன்றைக்குத்தான் நிமிர்ந்து அந்தச் சிறகைப் பார்த்தேன். பாத்திரம் துலக்குகிற இடத்தில் நின்றபடியே, கண்ணாடி போடாமல் எண்ணினேன். இரண்டு வெள்ளைக்கோடு. இடது பக்கக் கோட்டில் பெயிண்ட் கொஞ்சம் உரிந்திருந்தது. நாளைக்கு ஒரு கை அடித்துவிட வேண்டும், எங்கள் வீட்டில்தானே தொங்குகிறது.